மலையில் ஓர் இடைவெளி
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

நம் பிள்ளைகளின் பூகோள நூலில் இரண்டு பகுதிகள் உண்டு. மலை, ஆறு, காற்று, மழை, மண் ஆகியவற்றைக் கூறுவது ஒன்று. இதனை இயற்கைப் புவியியல் என்பர். மக்கள் எங்கே குடியேறினர், என்ன தொழில் செய்தனர், எவ்வழியே வாணிகம் நடத்தினர் என்பதைக் கூறுவது மற்றொன்று. இது மானிடப் புவியியல். முதற்பகுதியைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு, இரண்டாம் பகுதியை வேறொரு பாடமென எண்ணிப் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர். இரண்டும் ஒரே பாடத்தின் முன்பின் பக்கங்கள் என்பதைத் தறியில் அமர்ந்திருப்போரும் ஏர் பிடித்திருப்போரும் எளிதில் உணரக்கூடும். ஆகவே, கொங்கு நாட்டையே எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை, மேற்குக் கடற்கரைக்கு இணையாக ஒரு நெடுஞ்சுவர் போல் நிற்கின்றது. வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரண்டிற்கும் நடுவே, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்குச் சுவர் இல்லை. அதுவே பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டின் காற்று, மழை, பயிர், பாதை, தொழில் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றிற்கு விளக்கம் கூறப் புகுந்தால், எங்கேனும் ஓரிடத்தில் இக்கணவாயில் வந்து முட்டிக்கொள்வோம்.

முதலில் மழையைக் காண்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வருகின்றது. மலை குறுக்கிடவே காற்று மேலேறுகின்றது. மேலேறுந்தோறும் குளிர்கின்றது, சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்திலும் உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், இரண்டிற்கும் ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம் காணப்படுவதைப் பிள்ளைகளே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க இயலாது. அது மழையாகக் கொட்டிவிடுகின்றது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரி சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்று மீண்டும் சூடேறி உலர்ந்துவிடுகின்றது. ஆதலால் கோயம்புத்தூர்ச் சமவெளியில் ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. அதிலும் ஏறத்தாழப் பாதி, அக்டோபருக்குப் பின்னர் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. இவ்வாறு மலையின் மறைவில் அகப்பட்ட நிலத்தை மழை மறைவுப் பிரதேசம் என்பர்.

கணவாய் திறந்திருக்கின்றதே, அதன் வழியாக மழை வரக்கூடாதா என்று ஒரு மாணவன் கேட்டால், அவன் நல்ல மாணவன். காற்று தடையின்றி வருவது உண்மையே; ஆனால் மேலேறாத காற்று பெரிதும் பொழிவதில்லை. மழையைத் தராமல் வேகத்தை மட்டும் தந்துவிட்டுப் போகின்றது. உடுமலை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இவ்வேகமே.

இனி மண். கொங்கில் கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கின்றன. கரிசலில் உள்ள நுண்ணிய களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரு முறை நனைந்தால் பல வாரங்களுக்கு ஈரத்தை விடாது. மழை நின்ற பின்னரும் பனிக்காலத்தில் பருத்தி நிற்பது இதனால்தான். மானாவாரியில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தபோது, அதற்குக் கிணற்றுப் பாசனம் தந்து வளர்த்தனர். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சரளைச் செம்மண்ணிலோ ஈரம் தங்காது. அங்குள்ளோர் மண்ணுடன் மல்லுக்கு நிற்கவில்லை. முள்கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கொண்ட கொரங்காடுகளை வளர்த்து, மாடு மேய்த்தனர். காங்கேயம் காளை அம்மண்ணின் விளைச்சலே. தரிசு என்று அரசாங்கக் கணக்கில் எழுதப்படும் நிலத்தில் இத்தனை அறிவு புதைந்து கிடப்பது எமக்கு எப்போதும் வியப்பளிப்பது.

பருத்தி விளைந்த நிலம், மேற்கே திறந்த வாயில். இவ்விரண்டும் சேர்ந்தால் வாணிகம் வராமல் இராது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாய்வுகளில் மணிக்கற்களும் இரும்பு உருக்கியதற்கான அடையாளங்களும் நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. மேற்குக் கடற்கரைத் துறைமுகத்திற்குச் செல்லும் பழைய பாதை இக்கணவாய் வழியாகவே சென்றது. கொங்கில் ரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்திருப்பதும் இதனால்தான். பின்னர், சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு ரயில் பாதை போட்டவர்களும் அதே வாயிலையே நாடினர். ரோமானியர் காலத்து வணிகருக்கும் ரயில்வே என்ஜினீயருக்கும் மலை ஒன்றே.

1888இல் கோயம்புத்தூரில் நூற்பாலை தொடங்கிற்று. எனினும் ஆலைகள் பெருகியது 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கிய பின்னரேயாம். நீலகிரியில் பெய்த மழை, உயரத்திலிருந்து விழுந்து மின்சாரமாகிச் சமவெளிக்கு வந்தது. மழை மறைவில் வாடிய ஊருக்கு, மழையைத் தடுத்த அதே மலை வேறு வழியில் கொடுத்த ஈடு இது எனலாம். இப்போது ஆலைகளுக்குப் பஞ்சு பெரும்பாலும் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா ஆகிய வெளி மாநிலங்களிலிருந்து வருகின்றது. கொங்கில் பருத்தி நிலம் மிகவும் சுருங்கிவிட்டது. ஆனால் தொழில் பெயரவில்லை. கைத்திறன், சந்தை, கடன் வசதி, இயந்திரம் பழுது பார்ப்போர் ஆகிய யாவும் ஓரிடத்தில் கூடிவிட்டால், தொழிலைத் தோற்றுவித்த காரணம் மறைந்த பின்னும் தொழில் நின்றுவிடும். மானிடப் புவியியலில் இஃது ஒரு முக்கியமான விதி.

நெசவாளருக்குக் காற்றின் ஈரம் ஒரு தொழிற்கருவி. பருத்தி இழை ஈரத்தில் வலுப்பெறும். வறண்ட காற்றில் அறும். தரையை ஒட்டிப் பாவு ஓடும் குழித்தறியில் மண்ணின் குளுமை இழைக்குக் கிடைப்பதும், கோடையில் தறிக்கூடத்தில் நீர் தெளிப்பதும் இந்த இயற்பியலைப் பாட்டன்மார் கைப்பழக்கத்தில் கண்டறிந்தமையே. ஆயின் ஐப்பசியில் ஈரம் மிஞ்சிவிடுகின்றது. பாவடியில் கஞ்சி போட்ட பாவு காய்வதில்லை. தறிக்குழியில் நீர் ஊறுகின்றது. தீபாவளி விற்பனையும் முடிந்துவிடுகின்றது. அதே மாதத்தில்தான் விவசாயிக்கு விதை, உரம், ஆள் கூலி யாவும் ஒருங்கே தேவைப்படுகின்றன. இருவரும் ஒரே வாரத்தில் கடனுக்கு வந்து நிற்பது தற்செயல் அன்று. வடகிழக்குப் பருவக்காற்றின் செயல் அது. புரட்டாசியிலேயே நூல் இருப்பையும் ரொக்க இருப்பையும் கணக்கிட்டு வைக்கும் சங்கங்கள் இம்மாதத்தைச் சிரமமின்றிக் கடந்துவிடுகின்றன. மற்றவை ஆண்டுதோறும் புதிதாகத் திகைக்கின்றன.

இனி நீர், நாம் சற்று நின்று பேச வேண்டிய இடம் இது.

ஓர் அங்குல மழை ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர். இது பெரிதாகத் தோன்றும். ஆனால் கொங்கு நாட்டின் அடியில் இருப்பது கடும்பாறை. நீர் தங்குவது மேலே சிதைந்த பாறைப் படலத்திலும், கீழே உள்ள வெடிப்புகளிலுமே. இத்தகைய நிலத்தில் பெய்த மழையில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்குவதாகக் கொள்வதே தாராளமான கணக்கு. 600 மில்லிமீட்டர் மழைக்கு 60 மில்லிமீட்டர். ஒருவர் ஓர் ஏக்கர் கரும்புக்கு, மழை போகக் கிணற்றிலிருந்து 1,200 மில்லிமீட்டர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓர் ஏக்கர், 20 ஏக்கர் நிலத்தின் அடியில் ஓராண்டில் இறங்கிய நீரை உண்கின்றது. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் கீழே இறங்கும் என்று கழித்தாலும் பத்து ஏக்கருக்குக் குறையாது. மற்ற ஏக்கர்கள் யாருடையவை? அடுத்த தோட்டத்துக்காரருடையவை, அவரும் பெரும்பாலும் நம் அங்கத்தினரே.

கிணறு ஆழப்படுத்தவும் ஆழ்துளை இறக்கவும் கடன் மனு வரும்போது, ஜாமீனும் பட்டாவும் சரியாக உள்ளனவா என்று கமிட்டி பார்க்கின்றது, பார்க்க வேண்டியதே. பக்கத்துக் கிணறுகளில் எத்தனை அடியில் நீர் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நலம். ஆயிரம் அடி ஆழம் போன ஆழ்துளை புதிய நீரை உண்டாக்குவதில்லை. அண்டை வெடிப்புகளில் இருப்பதையே இழுக்கின்றது. சில இடங்களில் நெடுங்காலம் தேங்கியதை ஒரே தலைமுறையில் எடுத்துவிடுகின்றது. அவ்வாறு ஒரு கடனால் இரண்டு கடன்கள் நிலுவையாகின்றன: வற்றிய அண்டைக் கிணற்றுக்காரருடையதும், அடுத்த கோடையில் தாமும் வற்றிப்போகும் மனுதாரருடையதும்.

கால்வாய்ப் பாசனத்தில் கணக்கு வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த காலிங்கராயன் வாய்க்காலும், 1955இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து செல்லும் கீழ்பவானிக் கால்வாயும் மலைமழையைச் சமவெளிக்குக் கொணர்கின்றன. கீழ்பவானி ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அதன் கால்வாய்க்குக் கான்கிரீட் இடுவது பற்றி அண்மை ஆண்டுகளில் விவசாயிகளிடையே கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. கசியும் நீர் கடைமடைக்காரருக்கு நட்டம். கரையோரக் கிணற்றுக்காரருக்கு அதுவே வாழ்வு. இரு தரப்பினரும் கூறுவது உண்மையாகவே இருக்க, சண்டை மட்டும் தீராதிருப்பதற்குக் காரணம், ஒரே நீரை இரு பெயர்களால் அழைப்பதேயாம். மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளின் நீரைச் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பிய பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்திலும், இரு மாநிலங்கள் 1970இல் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னரே பங்கு நிலைபெற்றது.

நொய்யலின் கதை நம் இரு தொழிலாருக்கும் பொதுவானது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகச் சென்று கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்வது அது. மழை மறைவில் ஓடுவதால் ஆண்டின் பெரும்பகுதி அதில் நீரோட்டம் இல்லை. திருப்பூரின் சாயச்சாலைகள் பெருகியபோது ஆற்றில் ஓடியது சாயக்கழிவே. பெரிய ஆறாயிருந்தால் உப்பு கரைந்து கடலுக்குப் போயிருக்கும் என்று சிலர் கூறுவர். இங்கே அதற்கும் வழியில்லை. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கிற்று. கீழ்ப்புறக் கிணறுகள் உவர்த்தன. சாயக்கழிவில் நிறம் கண்ணுக்குத் தெரிகின்றது. தீங்கு செய்வதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்பினுடையது. லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள நீரை 500 மில்லிமீட்டர் அளவு ஓர் ஏக்கரில் பாய்ச்சினால், நான்கு டன் உப்பை அந்த நிலத்தில் கொட்டியதாகும். அதனைக் கழுவிச் செல்லும் மழையும் இங்கே பெய்வதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடுமாறு உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு துளியும் வெளிவிடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே தொழில் தொடர்ந்தது. மூடிய மாதங்களில் கூலியிழந்தோரும் மக்களே. கிணறு உவர்த்தோரும் மக்களே. நம் நெசவாளர் சங்கங்கள் சிறு சாயப்பட்டறை வைக்க எண்ணும்போது, சாயத்தின் விலையுடன் கழிவின் செலவையும் அடக்க விலையில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிடில் அச்செலவு தள்ளுபடியாவதில்லை. கீழ்மடை விவசாயியின் பற்றுக் கணக்கில் ஏறிவிடுகின்றது.

பிள்ளைகளுக்கு வீட்டில் செய்யத்தக்க ஒரு பயிற்சியைக் கூறுவோம். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில், மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வைக்கவும். மழை பெய்த மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளவுகோலை விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளவும். மாதம் முதல் தேதியன்று கிணற்று நீர் எத்தனை அடியில் நிற்கின்றது என்பதையும், மோட்டார் ஓடாத விடியற்காலையில், கயிற்றில் கல் கட்டி அளக்கவும். ஒரே நோட்டில் மழை ஒரு பக்கமும் கிணறு எதிர்ப்பக்கமும் இருக்கட்டும். ஊரில் பத்துப் பிள்ளைகளின் நோட்டுகள் சேர்ந்தால், கடன் கமிட்டியின் மேசைமீது வைக்கத்தக்க ஆவணம் அது. கிணற்றை வாய்க்கல்லிலிருந்தே அளக்க வேண்டும். அடியிலிருந்து அளப்பது கூடாது, ஏனெனில் அடியில் ஆண்டுதோறும் சேறு படிந்து கணக்கு மாறிவிடும்.