கல்விக் கட்டணச் சலுகையும் சாவகர் விரதமும்

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும். இவற்றுள் சாத்திர தானத்தை நம் முன்னோர் பெரிதும் போற்றினர். முனிவர் உறைவிடத்தைக் குறித்த ‘பள்ளி’ என்னும் சொல்லே கல்விச்சாலைக்கும் பெயராக வழங்குவதை அன்பர்கள் அறிவர். எனினும் திருவக்கரை, மயிலம், திண்டிவனம் வட்டாரத்து உழவர் குடும்பங்களில் மேனிலைத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் மகிழ்ச்சியோடு கவலையும் வந்து சேர்கிறது. மதிப்பெண் உண்டு, கட்டணத்திற்கு வழியில்லை என்று மகளின் படிப்பை நிறுத்தும் பெற்றோர் இன்றும் உளர். வழி உண்டு என்பதை அவர்கட்கு எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலாவதாக, அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அத்தகைய கல்லூரிகள் உள்ளன. சிறு அளவிலான தனிக்கட்டணங்களும் பேருந்துச் செலவுமே மிஞ்சும். இதனை அறியாது தொலைவிலுள்ள தனியார் கல்லூரிக்குக் கடன்பட்டுச் செல்வோர் பலர்.

பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்வியை நாடுவோர் முதல் பட்டதாரிச் சலுகையை அறிதல் வேண்டும். 2010-11ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு இதனைக் கொணர்ந்தது. பாட்டன், பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தார் எவரும் பட்டம் பெறாத குடும்பத்திலிருந்து ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் வழி இடம் பெறும் மாணவரின் கற்பிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. சாதி நோக்குவதில்லை, வருமான வரம்பும் இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே இது கிட்டும். நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிட்டாது. விடுதி, உணவு, பேருந்துக் கட்டணங்களும் இதில் அடங்கா. நம் பகுதியினர் இன்னொன்றையும் கருதுக. திருவக்கரைக்கு விழுப்புரத்தினும் புதுச்சேரி அண்மையது. ஆதலின் அங்குள்ள கல்லூரியையே பலரும் நாடுவர். புதுச்சேரியின் சேர்க்கை முறை வேறு. தமிழகக் கலந்தாய்வின் வழிவரும் இச்சலுகை அங்குச் செல்லாது. பேருந்துச் செலவைக் குறைக்க எண்ணிக் கட்டணச் சலுகையை இழத்தல் தகுமோ?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றவர்க்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல் முதலியவற்றில் 2021இலும் வந்தது. இவ்வாறு இடம் பெறுவோரின் கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கும் என 2021இல் அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் சேர்ப்பதைத் தாழ்வாகக் கருதும் நம்மவர் சிலர் இதனைச் சிந்திப்பாராக.

2014 ஜனவரியில் நம் சமயத்தார் நாடளாவிய சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஜெயின் சமயச் சிறுபான்மையினர் சான்றினை வருவாய்த் துறை வழங்குகிறது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் சமயம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை இன்றே எடுத்துப் பார்த்துக்கொள்வது நலம். 1999இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகத்தின் வாயிலாகக் கல்விக் கடனும் உண்டு. ஆனால் சிறுபான்மையினர்க்கான நடுவணரசு உதவித்தொகைத் திட்டங்கள் முன்பிருந்தவாறே இல்லை. பள்ளிப் படிப்புக்கான உதவி 2022-23 முதல் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டும் எனச் சுருங்கியது. ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. எனவே பழைய துண்டறிக்கையை நம்பிக் கணக்கிடாது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் அவ்வாண்டு திறந்துள்ள திட்டங்களைக் கண்டறிந்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

இனிச் சற்றே கடினமானதொரு செய்தி. முதல் பட்டதாரிச் சான்றுக்கு, குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி தருதல் வேண்டும். வெளியூரில் பணிபுரியும் மூத்த மகனின் பட்டத்தை மறைத்தால் இளையவனுக்குப் பெருந்தொகை மிச்சமாகுமே என்னும் எண்ணம் தோன்றலாம். வருமானச் சான்றிலும் இதே சபலம் எழும். உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் ஒன்றாகக் கூடலேகக் கிரியையைக் கூறுகிறது. கூடலேகம் என்பது பொய்யாவணம். நாவினால் சொன்னால் பொய், தாளில் எழுதினால் வெறும் நடைமுறை என்று நாம் கருதுதல் கூடாது என்றே ஆசிரியர் ஆவணத்தைத் தனியே எடுத்தோதினார் போலும். மேலும் சலுகை பின்னர் நீக்கப்படின், படிப்பின் நடுவே கட்டணம் முழுவதையும் கட்டவேண்டி மாணவனே துன்புறுவான்.

இதற்கு மறுதலையாக, தகுதியிருந்தும் ‘நாம் கொடுத்து வாழ்ந்த குடி, கை நீட்டலாமா?’ என்று விண்ணப்பிக்காத பெரியோரும் உண்டு. இச்சலுகை இரவலன்று, சட்டம் மாணவர்க்கு அளித்த உரிமை. தந்தையின் மானம் மகளின் படிப்பைத் தடுத்தால், அதனை மானம் என்பதினும் மானகஷாயம் என்பதே பொருந்தும்.

சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிருவாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோர் விசாரணைக்குப் பின் வட்ட அலுவலகத்திலிருந்து அவை வரும். திருவக்கரையார்க்கு வட்டம் வானூர் என்பதை மறவற்க. தேர்வு முடிவு வந்தபின் ஓடினால் கூட்டம் மிகும். தேர்வு முடிந்த ஏப்ரல் திங்களிலேயே தொடங்குவது நன்று. மாணவர் பெயரும் தலைப்பெழுத்தும் மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். நம்மவரிடையே ‘ஜெயின்’, ‘நயினார்’ என்பன ஓர் ஆவணத்தில் பெயரோடு சேர்ந்தும் மற்றொன்றில் விடுபட்டும் இருப்பின் அதனை முதலில் திருத்திக்கொள்க. வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே, ஆதாருடன் இணைந்து இருக்கட்டும். மூலச் சான்றுகளை எவரிடமும் ஒப்படைத்து வராமல், படிகளை மட்டும் கொடுத்து ஒப்புகைச் சீட்டைப் பெற்று வருக.