எழுதும் உரிமை ஒரே பிளேயருக்கு

தம்பி தங்கைகளே, கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு மியூசிக் பிளேயரைப் போட்டதும் அது முதலில் கேட்பது, "உங்கள் பாட்டு ஃபோல்டர் எங்கே?" என்பதுதான். நீங்களும் காட்டிவிடுவீர்கள். அப்படிக் காட்டுவதற்கு முன் அதன் செட்டிங்ஸை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பாட்டுகளைத் தேடிப் பட்டியல் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும் பிளேயர்கள் இருக்கின்றன. ஃபைலுக்கு உள்ளேயே கைவைத்து, ஏற்கெனவே இருந்த விவரத்தை அழித்துவிட்டுத் தனக்குத் தெரிந்ததை எழுதும் பிளேயர்களும் இருக்கின்றன. இரண்டாவது வகையில் பாட்டின் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் இழப்பு உடனே கண்ணில் படுவதில்லை. என்றோ ஒருநாள் ஒரு ராகத்தின் பெயரைத் தேடும்போது, அந்தப் பெயரே எந்த ஃபைலிலும் இல்லை என்று தெரியவரும்.

எம்பி3 ஃபைலில் ஒலியோடு சேர்ந்து இருக்கும் விவரங்களை டேக் என்கிறோம். 1996-இல் வந்த ஐடி3 முதல் வடிவத்தில் அதற்கு ஃபைலின் கடைசியில் 128 பைட் மட்டுமே இடம். தலைப்பு, பாடியவர், ஆல்பம், குறிப்பு ஒவ்வொன்றுக்கும் 30 பைட், ஆண்டுக்கு 4. 1998-இல் வந்த இரண்டாவது வடிவம் டேகை ஃபைலின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனது, இடத்தையும் தாராளமாகக் கொடுத்தது. அட்டைப்படம், பாடல் வரிகள், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் உள்ளே வந்தன. அதோடு எந்த மென்பொருளும் தன் சொந்தக் குறிப்புகளை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் எல்லாரும் எழுதுகிற ஒரே கணக்கு நோட்டு மாதிரி, நாலு மென்பொருள் ஒரே டேகில் எழுதுகின்றன. அடுத்தவர் எழுதியது தனக்குப் புரியாவிட்டால் அதை அப்படியே விட்டுவைப்பதுதான் முறை. எல்லா மென்பொருளும் அப்படி நடந்துகொள்வதில்லை.

கர்நாடக இசை சேர்க்கிறவர்களுக்கு இதில் இழப்பு அதிகம். ஐடி3-யில் ராகத்துக்கு என்று ஓர் இடமே கிடையாது. தாளத்துக்கும் இல்லை. அதனால் நம் ஆட்கள் இவற்றையெல்லாம் கமெண்ட் பகுதியில் எழுதிவைக்கிறார்கள். காசெட்டிலிருந்து மாற்றிய ஒரு பழைய கச்சேரியில் எந்த சபா, எந்தத் தேதி, வயலின் யார், மிருதங்கம் யார் என்பதெல்லாம் அந்த ஒரு கட்டத்துக்குள்தான் இருக்கும். அது எந்த இணையத் தரவுத்தளத்திலும் கிடைக்காத விவரம். கேட்டவர் நினைவிலிருந்து எழுதியது.

அந்தக் கமெண்ட் பகுதிக்குத்தான் போட்டியும் அதிகம். பாட்டுகளின் ஒலி அளவைச் சமப்படுத்தும் சவுண்ட் செக் வசதிக்காக ஐடியூன்ஸ் தன் கணக்கைக் கமெண்ட் வகைக் குறிப்பாகவே எழுதும். ஸ்ருதியைக் கண்டுபிடிக்கும் மிக்ஸ்டு இன் கீ என்ற மென்பொருள், விரும்பினால் தன் முடிவைக் கமெண்டில் எழுதித்தரும். ஒரே ஃபைலில் பல கமெண்டுகள் தனித்தனிப் பெயரோடு இருக்கலாம் என்றுதான் விதி. ஆனால் சில பிளேயர்கள் முதலில் கண்ணில் பட்ட கமெண்டை மட்டுமே காட்டும். உங்கள் திரையில் ராகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் எழுத்துமாக நீளமாக ஏதோ தெரிந்தால் பதறாதீர்கள். ராகம் பின்னால் பத்திரமாக இருக்கலாம். அதே பிளேயரில் அந்த எண்களை அழித்து சேவ் செய்தால்தான் மற்ற கமெண்டுகளும் சேர்ந்து போகக்கூடும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஆல்ட்டும் டீயும் சேர்த்து அழுத்தினால் உள்ளே இருக்கும் விவரங்கள் விரிவாகத் தெரியும். எதையும் அழிக்கும் முன் அங்கே பாருங்கள்.

சினிமாப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரித் தொல்லை. நாம் ஆல்பத்துக்கு உரியவராக இசையமைப்பாளரையும், பாடியவர் இடத்தில் பின்னணிப் பாடகர்களையும் போட்டு ஒழுங்காக வைத்திருப்போம். இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் பிளேயர் வந்து, 'பலர் பாடியது' என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதுகிறார்கள். ஒரே மனிதர் உங்கள் பட்டியலில் மூன்று பேராகப் பிரிந்துபோவார்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

புதுப் பிளேயரிடம் முழு ஃபோல்டரைக் காட்டாதீர்கள். இருபது பாட்டுகளைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து, அதை மட்டும் காட்டுங்கள். பாட்டுகளைக் கேளுங்கள், ஒன்றிரண்டுக்கு நட்சத்திரம் கொடுங்கள், ஒருநாள் விட்டுவிடுங்கள். மறுநாள் அந்த ஃபோல்டரைத் திறந்து, கடைசியாக மாற்றிய தேதிப்படி ஃபைல்களை வரிசைப்படுத்துங்கள். நீங்கள் தொடாத பாட்டிலும் புதுத் தேதி இருந்தால் பிளேயர் உள்ளே எழுதுகிறது என்று அர்த்தம். சில மென்பொருள்கள் எழுதிய பிறகும் பழைய தேதியையே வைத்துவிடும். அதனால் இரண்டு மூன்று பாட்டுகளின் டேகை எம்பி3டேகில் திறந்து மூல ஃபைலோடு ஒப்பிட்டும் பாருங்கள்.

செட்டிங்ஸில் தேட வேண்டியவை: இணையத்திலிருந்து கூடுதல் தகவல் எடுப்பது, ஃபைலின் பெயரை மாற்றுவது, ஃபோல்டர்களை மறுபடி அடுக்குவது, நட்சத்திரங்களை ஃபைலுக்குள் சேமிப்பது. பழைய விண்டோஸ் மீடியா பிளேயரின் ஆப்ஷன்ஸில் லைப்ரரி என்ற பகுதியில் இந்த நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கும். தகவல் எடுப்பதில் இரண்டு வகை உண்டு. விடுபட்டதை மட்டும் நிரப்புவது ஒன்று, எல்லாவற்றையும் மாற்றி எழுதுவது இன்னொன்று. இரண்டாவதைக் கனவிலும் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலாவதையும் நான் அணைத்துவிடத்தான் சொல்வேன். நீங்கள் வேண்டுமென்றே காலியாக விட்ட இடத்தையும் அது நிரப்பும். அதே பிளேயர் ஃபோல்டரில் இருக்கும் அட்டைப்படத்துக்குப் பதிலாக 200-க்கு 200 பிக்சல் அளவில் ஒரு சின்னப் படத்தை வைத்துவிடுவதும் உண்டு. பழைய ரெக்கார்டு உறைகளைப் பெரிதாக ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்கள் அந்தப் படங்களுக்கு வேறு பெயர் கொடுத்து, ஒரு பிரதியைத் தனியாகவும் வையுங்கள்.

நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இதில்தான். ஐடி3 விதிப்படி மதிப்பீடு என்பது 1 முதல் 255 வரை ஓர் எண். எந்த எண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் என்று விதியில் இல்லை. விண்டோஸ் மீடியா பிளேயர் 1, 64, 128, 196, 255 என்று ஐந்து நிலைகளாக எழுதுகிறது. வேறொரு பிளேயர் அந்த அளவை வேறு விதமாகப் பிரித்துக்கொள்ளலாம். அதோடு, ஒவ்வொரு மதிப்பீட்டோடும் அதைக் கொடுத்தவரின் அடையாளமும் சேர்ந்தே இருக்கும். வின்ஆம்ப் தன் பெயரில் எழுதும், மீடியா பிளேயர் தன் பெயரில் எழுதும். ஆகவே ஒரு பிளேயரில் கொடுத்த நான்கு நட்சத்திரம் இன்னொன்றில் மூன்றாகத் தெரியலாம், தெரியாமலே போகலாம். ஐடியூன்ஸ் நட்சத்திரங்களை ஃபைலில் எழுதுவதே இல்லை, தன் லைப்ரரியில் மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால் ஃபைலை மட்டும் வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் நட்சத்திரம் கூட வராது. எந்தப் பிளேயரில் மதிப்பீடு செய்வது என்று ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு, மற்றவற்றில் நட்சத்திரத்தைத் தொடாமல் இருங்கள்.

கல்யாணத்திலும் கல்லூரி விழாவிலும் டிஜே செய்கிற தம்பிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செராட்டோ மென்பொருள் கியூ பாயிண்ட், லூப், பீட் கிரிட் எல்லாவற்றையும் எம்பி3 ஃபைலின் டேகுக்குள்தான் எழுதிவைக்கிறது. டிராக்டர் என்ற இன்னொரு டிஜே மென்பொருளும் தனக்கென்று ஒரு குறிப்பை உள்ளே வைக்கிறது. 'தேவையற்ற டேகுகளைச் சுத்தம் செய்' என்று ஒரு பொத்தானை அழுத்தினால், இரவெல்லாம் உட்கார்ந்து குறித்த இடங்கள் ஒரே நொடியில் போய்விடும். டேக் எழுதித்தரும் மியூசிக்பிரெயின்ஸ் பிகார்ட் அருமையான மென்பொருள்தான். ஆனால் அதிலும் பழைய டேகுகளைத் துடைத்துவிட்டு எழுதும் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. அதில் டிக் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எவற்றைத் தொடக்கூடாது என்று பெயர் சொல்லிக் காக்கவும் அதில் வழி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

எம்பி3கெயின் கொண்டு ஒலி அளவை மாற்றியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாற்றியதைத் திரும்பப் பழையபடி ஆக்கத் தேவையான கணக்கை அது ஏப் என்ற இன்னொரு வகை டேகில் வைக்கிறது. எம்பி3-க்கு ஏப் டேக் எதற்கு என்று அதை நீக்கிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

தமிழ் எழுத்திலேயே டேக் எழுதுகிறவர்கள் இரண்டு விதமான கோளாறுகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக மாறியிருந்தால், தமிழ் தெரியாத பழைய எழுத்துமுறையில் யாரோ சேவ் செய்துவிட்டார்கள். அந்த டேகிலிருந்து அது திரும்பாது. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'வும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி வந்தால், தமிழ் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும், அந்தப் பிளேயருக்குப் படிக்கத் தெரியவில்லை. அங்கே எதையும் சேவ் செய்யாமல் மூடிவிட்டு வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஐடி3 இரண்டாவது வடிவத்தின் 2.3 பதிப்பை யூடிஎஃப்-16 எழுத்துமுறையில் எழுதினால் பழைய பிளேயர்களும் பெரும்பாலும் படித்துவிடும். ஆனால் 2.4 பதிப்பிலிருந்து 2.3-க்கு மாற்றும்போது முழுத் தேதியை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள் உண்டு. மார்கழிக் கச்சேரியின் தேதி முக்கியம் என்றால் அதை ஃபைலின் பெயரிலும் சேர்த்துவிடுங்கள்.

என் பிரதானமான யோசனை இதுதான்: டேக் எழுத ஒரே ஒரு மென்பொருள், மற்றவை எல்லாம் படிக்க மட்டும். எழுதும் வேலைக்கு எம்பி3டேக் போதும். கேட்பதற்கு எதை வேண்டுமானாலும் வையுங்கள், எழுதும் ஆப்ஷன்களை மட்டும் அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத பிளேயராக இருந்தால், ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி என்று டிக் செய்து, உள்ளே உள்ள ஃபைல்களுக்கும் அது பொருந்தும்படி கொடுங்கள். அதையும் மீறி எழுதும் மென்பொருள் இருக்கலாம், ஆனாலும் பெரும்பாலானவை நின்றுவிடும். ஃபோனில், 'இந்த ஆடியோ ஃபைலை மாற்ற அனுமதிக்கலாமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாட்டு கேட்க அந்த அனுமதி தேவையே இல்லை.

பேக்கப் விஷயத்தில் ஒரு நுணுக்கம். பல கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஃபோல்டரை சிங்க் செய்து வைத்திருப்பதைப் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றில் கெட்ட டேக் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி அலமாரியில் வையுங்கள். பல பேக்கப் மென்பொருள்கள் ஃபைலின் அளவையும் தேதியையும் மட்டுமே ஒப்பிடும். டேகில் காலியாக விட்ட இடத்துக்குள்ளேயே மாற்றம் அடங்கிவிட்டால் ஃபைலின் அளவு மாறாது. தேதியும் மாறாமல் இருந்தால், நீங்கள் பார்த்துப் பார்த்துத் திருத்திய டேக் பேக்கப்பில் ஏறவே ஏறாது.

ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால், முதலில் அந்தப் பிளேயரை மூடுங்கள். ஃபைலின் கடைசியில் இருக்கும் முதல் வடிவ டேகைச் சில பிளேயர்கள் தொடுவதில்லை. எம்பி3டேக் ஆப்ஷன்ஸில் ஐடி3 முதல் வடிவத்தை மட்டும் படிக்கச் சொன்னால், 30 பைட்டுக்குள் அடங்கும் பழைய பெயர்கள் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

எம்பி3டேகில் எக்ஸ்போர்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. எல்லாப் பாட்டுகளின் விவரங்களையும் ஒரே அட்டவணையாக எக்செல்லில் திறக்கும்படி எழுதித்தரும். ராகம், தாளம், தேதி இருக்கும் கமெண்டும் அதில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எந்த மென்பொருள் எதை அழித்தாலும், அந்த ஒரு ஃபைல் கையில் இருந்தால் மறுபடி ஏற்றிவிடலாம். வீட்டில் அப்பாவோ தாத்தாவோ கச்சேரிப் பதிவுகள் சேர்த்து வைத்திருந்தால், அவர்கள் கம்ப்யூட்டரிலும் இந்த வாரமே உட்கார்ந்து இதை நீங்களே செய்துகொடுங்கள்.