பேஸ் கிட்டாரின் மறுசீரமைப்பு: கம்பம் பள்ளத்தாக்கின் வாசிப்பாளருக்குச் சில பட்டறிவுக் குறிப்புகள்

கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையே அமைந்த பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்து, 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் வழியாகத் திரையிசைக்கு வந்த இளையராஜா, அதனையடுத்த ஆண்டுகளில் பேஸ் கிட்டாரைத் தாளத்துக்கு அடிநாதம் சேர்க்கும் கருவி என்ற நிலையில் நிறுத்திவிடாமல், பாடகரின் மெட்டோடு ஒரே நேரத்தில் தனக்கென வேறொரு மெட்டைப் பாடும் இரண்டாம் குரலாக ஆக்கினார். இரு மெட்டுகள் ஒன்றையொன்று மறைக்காமல் சேர்ந்தோடும் இம்முறையை மேலையிசையில் கவுண்டர்பாயிண்ட் என்பர். சசிதரன் போன்ற கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த அப்பகுதிகளைத் தேனி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களின் மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் மீண்டும் வாசிக்கும்போது, அவற்றை நெடுங்காலம் கேட்டுப் பழகியவர்களே எதிரே அமர்ந்திருப்பதால், கருவி முழங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்க வேண்டும். புதிய பிக்கப்பும் பிற உறுப்புகளும் பொருத்த எண்ணுவோர் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது இத்தெளிவே ஆகும்.

குறையின் இடத்தை அறிதல்

இன்று கடைகளில் கிடைக்கும் நான்கு தந்திப் பேஸ் கிட்டார்களுள் பெரும்பாலானவை, லியோ ஃபெண்டர் அமெரிக்காவில் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ், 1960இல் வெளியிட்ட ஜாஸ் பேஸ் ஆகிய இரண்டு வடிவங்களை ஒட்டியே செய்யப்படுகின்றன. நட் எனப்படும் மேல் தாங்கியிலிருந்து பிரிட்ஜ் எனப்படும் கீழ்த் தாங்கி வரையிலான தந்தி நீளம் இவற்றில் 34 அங்குலம், அதாவது ஏறக்குறைய 864 மி.மீ. ஆகும், கனத்த தந்தியாகிய ஈ, நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அளவுகள் பெரும்பாலும் பொதுவானவை என்பதால் ஒரு கருவியின் உறுப்பை மற்றொன்றில் பொருத்துவது எளிதாகிறது. ஆயினும் எளிதாக இருப்பதே, தேவையற்ற மாற்றத்துக்கும் வாசிப்பவரைத் தூண்டிவிடுகிறது.

மங்கிய ஒலிக்குப் பிக்கப்பே காரணம் என்று முடிவுசெய்யும் முன் தந்திகளை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பது முதற்பாடம். வியர்வையும் அழுக்கும் படிந்த பழைய தந்தியால் எந்தப் பிக்கப்பும் தெளிவான ஒலி தர இயலாது. அடுத்து நோக்க வேண்டியது கழுத்தின் வளைவு. கழுத்தினுள் செல்லும் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி, தந்திகளின் இழுவிசைக்கு எதிராகக் கழுத்தைத் தாங்குகிறது. ஈ தந்தியை, கழுத்தின் குறுக்கே பதித்த ஃபிரெட் எனப்படும் உலோகக் கட்டைகளுள் முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்தினால் நடுப்பகுதியில் ஏறக்குறைய 0.3 மி.மீ. இடைவெளி இருப்பது நலம். சித்திரை, வைகாசி வெயிலில் உலரும் மரம் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை ஏற்பதால், கோடையில் சரியாக வைத்த கழுத்து அடைமழையில் வளைந்திருக்கக் காணலாம். அதனால் ஆண்டுக்கு இருமுறையேனும் இந்த இடைவெளியை அளந்து, திருத்தம் தேவையானால் டிரஸ் ராடின் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாமல், தந்திகளைச் சுருதி கூட்டி மீண்டும் அளந்த பிறகே தொடர வேண்டும். இவ்விரு பணிகளுக்குப் பின்னும் குறை நீங்காதபோதுதான் பிக்கப்பைப் பற்றி எண்ணுவது பொருத்தமாகும்.

பிக்கப்பைத் தேர்ந்தெடுத்தல்

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருள். எஃகுத் தந்தி காந்தப்புலத்தில் அதிரும்போது அச்சுருளில் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. ஒலிபெருக்கி அதனையே பெரிதாக்குகிறது. சுற்றுகள் கூடக்கூட ஒலி வலுப்பெறும். ஆனால் உச்ச அதிர்வுகள் குறைந்து சுரத்தின் விளிம்பு மழுங்கும். சுற்றுகளோடு சுருளின் மின்தடையும் கூடும்; எனவே அதிக கிலோஓம் காட்டும் பிக்கப்பே சிறந்தது என்ற எண்ணம், தெளிவை நாடுவோரை எதிர்த்திசைக்கு இட்டுச் செல்கிறது. பிரிசிஷன் வகையில் 10 முதல் 11 கிலோஓம் வரையும், ஜாஸ் வகையில் 7 முதல் 8 கிலோஓம் வரையும் உள்ள பழைய முறைச் சுருள்கள், மேல் ஃபிரெட்டுகளில் ஓடும் மெட்டுகளுக்கு நன்கு ஈடுகொடுக்கின்றன.

இவ்விரண்டில் எதை நாடுவது என்பது இரைச்சலையும் பொறுத்தது. ஒற்றைச் சுருள் பிக்கப், தந்தியின் அதிர்வோடு, சுற்றியுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வையும் சேர்த்தே வாங்கும். 1957 முதல் பிரிசிஷன் பேஸில் வைக்கப்பட்ட இரு துண்டுப் பிக்கப்பில் சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. ஜாஸ் வகையில் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்ட இணைப் பிக்கப்புகள் இரண்டையும் முழுமையாகத் திறந்து வைக்கும்போது மட்டுமே அந்நன்மை கிட்டுகிறது. ஒன்றைக் குறைத்தவுடன் இரைச்சல் திரும்பி வருகிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா போன்ற நாள்களில், ஜெனரேட்டரும் வண்ண விளக்குச் சரங்களும் சூழ்ந்த திறந்தவெளி மேடைகளில் மிகுதியாக வாசிப்போர், ஜாஸ் வடிவக் கருவி வைத்திருப்பின், அதே அளவில் கிடைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பைக் கருதுவது நன்று.

வாங்குமுன் அளந்தாக வேண்டும். ஜாஸ் இணையில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் ஏறக்குறைய 92 மி.மீ. நீளமும், பிரிட்ஜ் பக்கத்தது 95 மி.மீ. நீளமும் உடையவை, இந்த 3 மி.மீ. வேறுபாட்டைக் கவனியாமல் ஒரே அளவில் இரண்டை வரவழைத்து, பிறகு மரத்தைக் குடைந்து பொருத்த முயல்வது, திருத்த இயலாத பிழையாக முடிகிறது. பொருத்திய பிறகு உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்: தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திய நிலையில், கனத்த தந்தியின் பக்கம் ஏறக்குறைய 3 மி.மீ., மெல்லிய தந்தியின் பக்கம் ஏறக்குறைய 2.5 மி.மீ. என்ற இடைவெளியிலிருந்து தொடங்கிச் செவியால் தீர்மானிக்கலாம். மிக நெருங்கிய காந்தம் தந்தியையே இழுத்து, சுரத்தின் நிலைப்பைக் கெடுக்கும்.

மின்சுற்றும் எர்த் இணைப்பும்

பழைய இணைப்பைக் கழற்றுவதற்கு முன் ஒளிப்படம் எடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் அடையாளச் சீட்டு ஒட்டுவது சிறிய வேலை. அதைச் செய்யாமல் விட்டதால் வீணாகும் நேரமோ பெரிது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பாட் எனப்படும் மின்தடை மாற்றி, ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோஓம் அளவிலும், டோன் குமிழோடு இணையும் கெப்பாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் அளவிலும் இருப்பது வழக்கம். ஈயம் பற்றவைக்கும்போது இணைப்பிடம் நன்கு சூடேறிய பின்னரே ஈயத்தைத் தொடவைக்க வேண்டும். சூடேறாத இடத்தில் மணிபோல் உருண்டு நிற்கும் ஈயம் சில நாள்களில் விட்டுப்போய், கச்சேரியின் நடுவே ஒலியை அறுத்துவிடும்.

மூடியைத் திருகுமுன் கருவியை ஒலிபெருக்கியோடு இணைத்து, திருப்புளியால் பிக்கப்பை மெல்லத் தட்டிச் சோதிக்கலாம். இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்துத் திறந்தவுடன் ஒலி மெலிந்து, அடிநாதம் மறைந்தால், அவை ஒன்றையொன்று எதிர்க்கும் திசையில் இணைக்கப்பட்டுள்ளன என்று பொருள். அவற்றுள் ஒன்றின் இரு கம்பிகளை இடம் மாற்றினால் குறை தீரும்.

மின்சுற்று அமைந்த குழியின் உட்புறத்தில் செம்புத் தகடு ஒட்டி அதனை எர்த்தோடு இணைத்தால் வெளி இரைச்சல் குறைகிறது. பிரிட்ஜின் அடியிலிருந்து பாட் வரை செல்லும் மெல்லிய கம்பியைப் புது பிரிட்ஜ் பொருத்தும்போது மறந்துவிடுதல் மிகப் பரவலான பிழை. தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் அடங்குமாயின் அக்கம்பி தன் வேலையைச் செய்கிறது என அறியலாம். அதே கம்பிதான் வாசிப்பவரின் கையை ஒலிபெருக்கியின் எர்த்தோடு இணைக்கிறது. எர்த் முறையாக இல்லாத மேடையில் ஒலிபெருக்கி பழுதுபட்டால் தந்தியின் வழியே மின்சாரம் பாயக்கூடும் என்பதால், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை முறிப்பதோ அதனை இரு முள் பிளக்காக மாற்றுவதோ எக்காரணத்தாலும் கூடாது. இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், உயிரைப் பணயம் வைக்கலாகாது.

பிரிட்ஜும் முறுக்காணிகளும்

கனமான பிரிட்ஜ் சுரத்தை நெடுநேரம் நிற்கச் செய்யும் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பினும், அதனால் உறுதியாகக் கிட்டும் பயன் வேறு: சேடில் எனப்படும் தந்தி தாங்கிகள் தம் இடத்தில் அசையாமல் நிற்கின்றன. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரம், வெறுந்தந்தியின் சுரத்துக்குச் சரியான மேல்நிலைச் சுரமாக ஒலிக்கும் வரை சேடிலை நகர்த்தும் பணியை இன்டொனேஷன் என்பர். மேல் ஃபிரெட்டுகளில் மெட்டு ஓடும் இசைக்கு இது பிக்கப்பைக் காட்டிலும் முதன்மையானது, ஏனெனில் சுருதி விலகிய சுரத்தைத் தெளிவாகக் கேட்கச்செய்வதால் குறையே பெருகும். சேடில் ஓர் அளவுக்கு மேல் நகர மறுத்தாலோ, திருகுகள் துருவேறி நின்றாலோ பிரிட்ஜை மாற்றுவது நியாயமாகும். தந்திகளின் இடைவெளியும் திருகுத் துளைகளின் அமைப்பும் பழையதோடு பொருந்துமாறு வாங்கினால் புதுத்துளை இட வேண்டியதில்லை. தளர்ந்த துளையில் மூங்கில் சிம்பை மரப்பசையோடு செருகி, காய்ந்த பிறகு திருகினால் பிடிப்பு மீளும்.

தந்திகளைச் சுருதி கூட்டும் முறுக்காணிகளைக் குற்றம் சொல்லும் முன் நட்டின் பள்ளங்களை நோக்க வேண்டும்; தந்தி அங்கே சிக்கித் தாவுவதே சுருதி நழுவுவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தே அச்சிக்கலைப் பல வேளைகளில் தீர்த்துவிடலாம்.

இவ்வரிசையைப் பின்பற்றுவோருக்கு, மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரவழைக்க வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கை தானாகவே குறையும். கழற்றிய பழைய உறுப்புகளைப் பாதுகாத்து வைப்பவர், மாற்றம் ஒவ்வாதபோது தொடங்கிய இடத்துக்கே திரும்ப இயலும். மாற்றம் பயன்தந்ததா என்பதைத் தனியறையில் தனித்து வாசித்து அறிய இயலாது. தபேலாவும் கீபோர்டும் பாடகரின் குரலும் சூழ்ந்த ஒத்திகையில், பல்லவிக்குக் கீழே ஓடும் பேஸ் மெட்டைக் கருவியறியாத ஒருவர் முணுமுணுத்துப் பின்தொடர முடியுமாயின், செய்த வேலை நிறைவேறியது எனக் கொள்ளலாம்.