மேடு பள்ளத்தைத் தேடிச் சரிசெய்யும் பலகை



லூபோக் சீனாவிலோ அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலோ புல் திடலில் பந்து விளையாடியிருக்கிறீர்களா? நேராக உதைத்த பந்து திடீரென்று துள்ளித் திசை மாறும். மழை விட்ட பிறகு பள்ளங்களில் நீர் தேங்கும். ஓடும்போது கால் மடங்கிக் கணுக்கால் சுளுக்கும். இதைச் சரிசெய்யப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பலகைகளும் ஒரு கயிறும் போதும்.

இது புதிய யோசனையும் அன்று. தமிழ்நாட்டு உழவர்கள் சேற்று வயலை உழுத பின், கனமான ஒரு பலகையை மாடுகளில் பூட்டி இழுப்பார்கள். அதன் பெயர் பரம்பு. பரம்படித்த வயலில் நீர் எங்கும் ஒரே ஆழத்தில் நிற்கும். நாற்றும் சீராக வளரும். ரப்பர் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர் இந்த வேலையை அறிந்தவர்களே.

பலகைக்கு மேடு எது, பள்ளம் எது என்று எப்படித் தெரிகிறது?

விடை, நீங்கள் படித்த அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது. நம் கருவியின் எடை 120 நியூட்டன், தரையைத் தொடும் பரப்பு 0.3 சதுர மீட்டர் என்று கொள்வோம். சமதரையில் அழுத்தம் 400 பாஸ்கல். இப்போது அது ஒரு மேட்டில் ஏறுகிறது. எடையில் பாதி, அதாவது 60 நியூட்டன், இரண்டு தீப்பெட்டி அளவுள்ள இடத்தில் (0.003 சதுர மீட்டர்) இறங்குகிறது. அழுத்தம் 20,000 பாஸ்கல்! 50 மடங்கு. அதனால் மேட்டின் மீதுள்ள மண் தள்ளப்படுகிறது. பள்ளத்தையோ பலகை தொடுவதே இல்லை. அங்கே விழுந்த மண் அப்படியே தங்கிவிடுகிறது.

செய்யும் முறை

1 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மூன்று பலகைகளை, 35 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இணையாக வையுங்கள். அவற்றின் மேல் குறுக்கே இரண்டு சட்டங்களைத் திருகாணியால் பொருத்துங்கள். துளையிடும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். முன்பலகையின் இரு முனைகளிலும் கயிறு கட்டி நடுவில் சேருங்கள். கயிறு நீளமாக இருக்கட்டும். குட்டையான கயிறு பலகையை மேல்நோக்கித் தூக்கும். தரையின் மீதான அழுத்தம் குறையும்.

ஒற்றைப் பலகை ஏன் போதாது? அது மேட்டில் ஏறி அகன்ற பள்ளத்தில் இறங்கி, தரையின் வடிவத்தையே பின்பற்றும். 1 மீட்டர் நீளச் சட்டகமோ அதைவிடச் சிறிய பள்ளத்தைப் பாலம்போல் கடந்துவிடும்.

முதலில் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். சலித்த மண்ணையும் மணலையும் கலந்து, காயவைத்து, மெல்லிய அடுக்காகத் தூவுங்கள். நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை மெதுவாக இழுங்கள். ஒரு தடவைக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள். புல்நுனி வெளியே தெரிய வேண்டும். இலைக்கு ஒளி கிடைத்தால்தான் புல் உணவு தயாரிக்கும். புல் மேலே வளர்ந்த பிறகு அடுத்த அடுக்கு. மிக உயர்ந்த மேடு என்றால், புல்லை வேரோடு பெயர்த்து, அடியிலுள்ள மண்ணை எடுத்துவிட்டு, புல்லை மீண்டும் பதியுங்கள்.

கனமான உருளையை உருட்டினால் வேலை சீக்கிரம் முடியாதா என்று கேட்கலாம். ஈரமான களிமண்ணை உருளை நசுக்கினால், மண்ணிலுள்ள காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். வேர் மூச்சு முட்டும். மழைநீரும் கீழே இறங்காது. திடல் பார்க்க மட்டமாக இருக்கும், ஆனால் நீர் தேங்கும். இங்கே தேவை அதிக எடை அன்று. சரியான நீளமும் பொறுமையும்தான்.

செய்து பாருங்கள்

இரண்டு முளைகளை 2 மீட்டர் இடைவெளியில் நட்டு, நூலை மட்டமாக இழுத்துக் கட்டுங்கள். 20 சென்டிமீட்டருக்கு ஒருமுறை நூலிலிருந்து தரை வரை அளந்து வரைபடம் போடுங்கள். வேலை முடிந்த பின் அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டால், உங்கள் உழைப்பின் பலன் தாளிலேயே தெரியும்.