நூல் பயிலலும் பல்கலைக்கழகம் புகுதலும்

கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திக் கலைப்பீடம் புகும் மாணவன் முதலாண்டிலேயே ஒரு தடையை எதிர்கொள்கின்றான். பாடசாலையிற் போல அங்கே வினாவும் விடையுமாகக் குறிப்புக் கிடைப்பதில்லை. விரிவுரையாளர் பொருளின் எல்லையைக் காட்டி, நூல்கள் சிலவற்றின் பெயரைச் சொல்லி, படித்து வரும்படி பணிக்கின்றார். மாணவனோ அதுகாறும் ஒரு நூலையேனும் முதலேடு தொடங்கி இறுதியேடு வரை படித்தறியான். இஃது அறிவின் குறைவன்று, பயிற்சியின் குறைவேயாம். பயிற்சியாற் குறைந்ததைப் பயிற்சியால் நிரப்பலாம் ஆதலின், அதற்குரிய வழியை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

குறிப்பு முடிபை மாத்திரம் தரும்; நூலோ அம்முடிபு பிறந்த வழியைத் தரும். பரீட்சைக்கு முடிபு போதும். பட்டப்படிப்புக்கு வழியும் வேண்டும். விஞ்ஞானம் பயில்வானுக்கு ஆய்வுகூடம் எத்தகையதோ, தமிழ், வரலாறு, மெய்யியல், இந்து நாகரிகம் முதலிய மனிதப்பண்பியற் பாடங்களைப் பயில்வானுக்கு நூலும் அத்தகையதே.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை 301 அடிகளையுடையது. கரிகாலனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது என்றும், காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைக் கூறுவது என்றும் குறிப்புச் சொல்லும். அவ்வளவில் மாணவன் நின்றுவிடுவான். நூலையே கையிலெடுத்தவனுக்கோ வினாக்கள் எழும். காதலியைப் பிரியேன் என்று தலைவன் கூறும் சிறு பொருளுக்குள் ஒரு பெருநகரின் வருணனையைப் புலவர் ஏன் அமைத்தார்? இது தமிழ் மாணவனின் வினா. கடல்வழி வந்த குதிரையும், வண்டியில் வந்த மிளகும், ஈழத்து உணவும் அத்துறைமுகத்திற் குவிந்திருந்தன என்கின்றாரே. புலவன் வாக்கை எவ்வளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம்? இது வரலாற்று மாணவனின் வினா. பொதிகளிற் புலி முத்திரை பொறித்துச் சுங்கங்கொண்ட அரசு எத்தகையது? இது பொருளியல் மாணவனின் வினா. நூல் ஒன்றே, வினவுவார் வேறு. இவ்வாறு வினவப் பழகுதலே பல்கலைக்கழகக் கல்வியின் தொடக்கமாகும்.

வினா ஒன்று ஒருவரது வாழ்வையே மாற்றியமையும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1880 இற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் அந்தாதியும் கலம்பகமும் புராணமும் பலவாகக் கற்றிருந்தார். அவ்வாண்டில் அவரைச் சந்தித்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். ஐயர் அதன்பின் சிந்தாமணி ஏட்டைப் பெற்றுப் படிக்கலாயினார். அது சைன காவியம் ஆதலின், சமயக் கருத்துக்கள் பல விளங்கவில்லை. தாம் சைவராயிருந்தும், அவ்வூரிலிருந்த சைனரை நாடிச் சென்று கேட்டறிந்தார். அம்முயற்சியின் பயனாகச் சிந்தாமணி 1887 இல் அச்சேறியது. கற்றது போதும் என்று அவர் அமைந்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு இழப்பு! விளங்காத இடத்தைத் தாண்டிச் செல்லாமையே நூல் பயில்வானுக்கு முதல் இலக்கணம் என்பது இதனாற் பெறப்படும்.

பரீட்சை முடிந்த நாளுக்கும் பல்கலைக்கழகம் புகும் நாளுக்கும் இடையே மாதங்கள் பல கழிகின்றன. அக்காலத்தில் மாணவர் செய்யத்தக்கன நான்கு.

முதலாவது, தாம் பயிலவிருக்கும் பாடம் ஒவ்வொன்றிலும் ஒரு நூலையேனும் முற்றாகப் படித்தல். பழைய இலக்கியமாயின் உரையோடு படித்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் இயலையும் முடித்தவுடன் நூலை மூடிவைத்து மூன்று செய்திகளை எழுதுதல். ஆசிரியர் கூறுவது யாது? அதற்கு அவர் காட்டும் சான்று யாது? எமக்கு எழும் ஐயம் யாது? மூன்றாம் வினாவுக்கு விடை எழுத இயலாவிடின், அவ்வியலை மீளவும் படிக்க.

மூன்றாவது, அகராதியை அருகில் வைத்து நாடோறும் ஆங்கில நூலொன்றிற் சில பக்கங்களேனும் படித்தல். 1974 இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராய் அமர்ந்த பேராசிரியர் கைலாசபதி, தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி எழுதிய ஆய்வு 1968 இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. எமது இலக்கியத்தைப் பற்றிய ஆராய்ச்சியை அறிதற்கும் அம்மொழி வேண்டற்பாலதன்றோ?

நான்காவது, படித்ததை மற்றொருவருக்கு எடுத்துரைத்தல். விளங்காதது எதுவென்பது சொல்லும்போது தானே வெளிப்படும்.

நூலுக்கு எங்கே போவது என்பார் உளர். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 தொடக்கம் இணையத்திற் பேணிவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திற் கட்டணமின்றிப் படிக்கலாம். கல்லூரி நூலகத்து அலுமாரிகளும் மாணவர் கையை எதிர்நோக்கியே நிற்கின்றன.

பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். பரிசளிப்பு விழாவிற் கேடயத்தோடு நூலொன்றும் வழங்குக. ஊருக்கு வருங்கால் உயர்தர வகுப்பு மாணவரைக் கண்டு, இப்பொழுது என்ன நூல் படிக்கின்றாய் என்று வினவுக. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. எரிந்த நூல்களுக்கு இன்றும் இரங்குகின்ற நாம், இருக்கின்ற நூல்களைத் திறவாதிருத்தல் தகுமோ?