வீட்டுப்பாடக் கணக்கும் வைகை அணையும்



பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்து, ஆசையோடு பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவில் சேரும் பிள்ளைகளில் சிலர், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் "எனக்கு இயற்பியல் வரல, குரூப் மாத்திக்கிறேன்" என்கிறார்கள். மஃரிபுக்குப் பிறகு நடக்கும் நம் மாலை வகுப்பில் விசாரித்தால், பாடம் புரிகிறது, கணக்குதான் தடுக்கிறது என்று தெரிகிறது. வீட்டில் கேட்கவும் ஆள் இல்லை. "அத்தா எட்டாவதுதான் படிச்சாங்க, அவங்ககிட்ட என்ன கேக்குறது?" என்றாள் ஒரு மாணவி. அவளுக்கான பதில்தான் இந்தப் பாடம். சூத்திரம் தெரியாத அத்தாவும் அம்மாவும் இரண்டே கேள்விகளால் பிள்ளைக்கு உதவ முடியும்.

முதலில் பிள்ளைகள் செய்ய வேண்டியது. கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடாதீர்கள். ஒரு சிறு படம் வரையுங்கள். கொடுத்திருப்பதை அலகோடு எழுதுங்கள். கேட்டிருப்பதை எழுதுங்கள். இந்த இரண்டையும் இணைக்கும் விதி எது என்று அதன் பிறகு பாருங்கள்.

கணக்கு 1: இயக்கவியல்

மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் பைக்கில் பிரேக் பிடிக்கிறோம். எதிர்முடுக்கம் 5 மீ/வி². எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்?

கடைசி வேகம் சுழி. எனவே தூரம் = (தொடக்க வேகம்)² ÷ (2 × எதிர்முடுக்கம்). வகுப்பில் பலர் 36-ஐ அப்படியே போட்டார்கள், 129.6 மீட்டர் என்று வந்தது. இங்கேதான் பெற்றோரின் முதல் கேள்வி: "இது நடக்கிற காரியமா?" பைக் ஓட்டும் எந்த அத்தாவும் சொல்லிவிடுவார், அந்த வேகத்தில் நிற்க 130 மீட்டர் தேவையில்லை என்று. தவறு அலகில் இருக்கிறது. 36 கி.மீ./மணி என்பது 10 மீ/வி. 10 × 10 ÷ 10 = 10 மீட்டர். இதுவே சரி.

அடுத்து இரண்டாவது கேள்வி: "இதை ரெண்டு மடங்காக்கினா என்ன ஆகும்?" வேகம் 72 கி.மீ., அதாவது 20 மீ/வி. 20 × 20 ÷ 10 = 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு. நிற்கும் தூரம் நான்கு மடங்கு. பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. கம்பம் சாலையில் பைக் ஓட்டும் நம் பிள்ளைகள் இந்த விடையைத் தேர்வுக்குப் பிறகும் மறக்கக் கூடாது.

கணக்கு 2: பாய்மங்கள்

நம் மாவட்டத்தில் நாளிதழில் அணை நீர்மட்டம் பார்க்காத வீடு குறைவு. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 1895 முதல் நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 142 என்பது 71-இன் சரியாக இரண்டு மடங்கு. இந்த அளவுகளையே நீரின் ஆழமாக எடுத்துக்கொண்டு, அடியில் உள்ள நீரழுத்தத்தைக் காண்போம்.

அழுத்தம் = அடர்த்தி × புவிஈர்ப்பு முடுக்கம் × ஆழம்.

71 அடி என்பது 21.64 மீட்டர். 1000 × 9.8 × 21.64 = சுமார் 2.12 லட்சம் பாஸ்கல். 142 அடிக்கு 43.28 மீட்டர், சுமார் 4.24 லட்சம் பாஸ்கல். ஆழம் இரண்டு மடங்கு, அழுத்தமும் இரண்டு மடங்கு.

"அணை எவ்வளவு பெரிசு, எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்க்க வேணாமா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டாம். சூத்திரத்தில் ஆழம் இருக்கிறது, கொள்ளளவு இல்லை. நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு அகலமான பாட்டிலிலும் ஒரு ஒல்லியான பாட்டிலிலும், அடியிலிருந்து ஒரே உயரத்தில், ஒரே ஆணியால் துளை போடுங்கள். இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். திறந்தவுடன் இரண்டும் ஒரே வேகத்தில் பீய்ச்சும். ஒல்லிப் பாட்டில் சீக்கிரம் காலியாகும், அவ்வளவுதான். மாடித் தொட்டி பெரிதாக இருப்பதால் குழாயில் தண்ணீர் வேகமாக வராது. உயரத்தில் இருப்பதால்தான் வரும்.

அணைச் சுவர் மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருப்பதற்குக் காரணமும் இதுதான். ஆழம் கூடக் கூட நீர் சுவரைத் தள்ளுவதும் கூடுகிறது.

பெற்றோர்களே, விடையைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். விடையை மட்டும் பார்த்து எழுதும் பிள்ளை அடுத்த கணக்கிலும் அதே இடத்தில்தான் நிற்கும். இரவு உணவு முடிந்ததும் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "நடக்கிற காரியமா? ரெண்டு மடங்கானா என்ன?" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முயலும்போதே பிள்ளைக்குத் தன் தவறு தெரிந்துவிடும். குரூப் மாற்றும் முடிவை அரையாண்டு வரை தள்ளி வைத்துவிட்டு, இதைச் செய்து பாருங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: ஆழம் இரண்டு மடங்கானால் அடியில் அழுத்தம் இரண்டு மடங்கு என்று கண்டோம். அப்படியானால் செங்குத்தான சுவரின் ஒரு மீட்டர் அகலத்தில், மேலிருந்து அடி வரை விழும் மொத்த விசை எத்தனை மடங்காகும்? உதவிக் குறிப்பு: சராசரி அழுத்தமும் கூடுகிறது, நனையும் பரப்பும் கூடுகிறது. பைக் கணக்கின் விடையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். செய்துகாட்டும் நோட்டோடு மாலை வகுப்புக்கு வாருங்கள்; சேர்ந்து சரிபார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.