இளஞ்சிவப்புத் தாளும் பத்து நாட்களும்

சட்டம் அறிவோம்: மது அருந்தி ஓட்டியதாகக் கைதானால் ஓட்டுநர் உரிமத்தைக் காத்துக்கொள்வது எப்படி?



இந்த இதழின் பாடம் சற்றுச் சங்கடமானது. கோயில் இதழில் இதையெல்லாம் எழுதலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்கக்கூடும். நம் வீடுகளில் இது நடப்பதே இல்லை என்றால் எழுத வேண்டியதில்லை. நடக்கிறது. நடந்ததை மறைக்கிறோம். மறைப்பதால் முதல் இழப்பைவிடப் பெரிய இழப்பு வந்து சேர்கிறது. ஆகவே எழுதுகிறேன். நாம் வாழும் கலிபோர்னியா மாநிலத்துச் சட்டத்தையே இங்கு விளக்குகிறேன். மற்ற மாநிலங்களில் நாள் கணக்கும் தண்டனையும் வேறுபடும்.

நடந்தது என்ன?

என் தங்கையின் கணவர், ஒரு விருந்திலிருந்து இரவு வீடு திரும்பும்போது கைதானார். காலையில் விடுவிக்கும்போது அவருடைய லைசென்ஸ் அட்டையை வாங்கிக்கொண்டு, ஓர் இளஞ்சிவப்புத் தாளைக் கொடுத்தார்கள். தங்கை அதைப் பூஜை அறையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது, ஊரில் மாமியாருக்குத் தெரியக் கூடாது என்ற ஒரே கவலை. எங்களிடமும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து, காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ் அவரை நிறுத்தியது. உரிமம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. காரை இழுத்துச் சென்றார்கள். புதிதாக இன்னொரு குற்ற வழக்கும் வந்தது. "கோர்ட் தேதியே இன்னும் வரவில்லையே மச்சான், அதற்குள் எப்படி நிறுத்தினார்கள்?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம். பெயர் சொல்லாமல் எழுத அவரே அனுமதி தந்தார்.

வழக்கு ஒன்றல்ல, இரண்டு

கைது ஒன்றுதான் என்றாலும் அதிலிருந்து இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று, நீதிமன்றத்தில் நடக்கும் குற்ற வழக்கு. மற்றொன்று, மோட்டார் வாகனத் துறையான டி.எம்.வி. தானாகவே எடுக்கும் உரிம நடவடிக்கை. 1990ஆம் ஆண்டு ஜூலை முதல் இந்த இரண்டாவது வழி நடைமுறையில் உள்ளது. இது நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

அந்த இளஞ்சிவப்புத் தாள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அது 30 நாட்களுக்குச் செல்லுபடியாகும் தற்காலிக உரிமம். அதுவே உங்கள் உரிமத்தை நிறுத்தி வைக்கும் உத்தரவும்கூட. நம்மவர்கள் முதலாவதைப் படித்து நிம்மதி அடைகிறார்கள், இரண்டாவதைப் படிப்பதில்லை. நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் 30 நாள் முடிந்ததும் உரிமம் தானாகவே நின்றுவிடும்.

பத்து நாள் கணக்கு

தாள் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள், டி.எம்.வி.யின் ஓட்டுநர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரணை கேட்க வேண்டும். சனி, ஞாயிறும் இந்தக் கணக்கில் சேரும். கேட்கும்போது நான்கு செய்திகளைச் சொல்லுங்கள்:

1. எனக்கு விசாரணை வேண்டும்.
2. விசாரணை முடிந்து முடிவு வரும்வரை உரிம நிறுத்தத்தைத் தள்ளிவைக்க வேண்டும்.
3. எனக்கு எதிரான ஆவணங்களின் நகல்கள் வேண்டும்.
4. ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

10 நாட்களுக்குள் கேட்டு, 30 நாட்களுக்குள் விசாரணை நடத்த முடியாமல் போனால், தற்காலிக உரிமத்தை நீட்டித்துத் தருவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கேட்பது நல்லது. தொலைபேசியில் கேட்டாலும் எழுத்திலும் அனுப்பி, அனுப்பியதற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறியவர்கள் புதிய முகவரியை 10 நாட்களுக்குள் டி.எம்.வி.க்குத் தெரிவிக்க வேண்டும். பழைய முகவரிக்குப் போன கடிதம் உங்களைக் காப்பாற்றாது.

விசாரணையில் பார்ப்பவை

நீதிபதியோ ஜூரியோ அங்கு இல்லை. டி.எம்.வி. அதிகாரி ஒருவர் நேரிலோ தொலைபேசியிலோ விசாரிப்பார். முன்பு அந்த ஒருவரே துறைக்காக வாதாடவும் தீர்ப்புச் சொல்லவும் செய்தார். அது நியாயமான விசாரணை ஆகாது என்று 2022இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதிகாரி பார்ப்பது மூன்று விஷயங்கள்தாம். நீங்கள் குடித்துவிட்டு ஓட்டினீர்கள் என்று நம்ப போலீசுக்குத் தக்க காரணம் இருந்ததா? கைது சட்டப்படி நடந்ததா? ஓட்டும்போது இரத்தத்தில் மதுவின் அளவு 0.08 சதவீதமோ அதற்கு மேலோ இருந்ததா?

"வேலைக்கு அறுபது மைல் போக வேண்டும், பிள்ளைகளைப் பரத வகுப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டும்" என்பவை உண்மையான கஷ்டங்கள்தாம். ஆனால் இந்த விசாரணையில் அவற்றுக்கு எடை கிடையாது. எடை உள்ளவை வேறு. மூச்சுப் பரிசோதனைக்கு முன் 15 நிமிடம் உங்களைத் தொடர்ந்து கவனித்திருக்க வேண்டும். இரண்டு மூச்சு அளவுகளும் 0.02க்கு மேல் வேறுபடக் கூடாது. கருவியை 10 நாளுக்கு ஒருமுறையோ 150 சோதனைக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது சரிபார்த்திருக்க வேண்டும். இந்த விதிகள் மீறப்பட்டனவா என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நகல் கேட்கச் சொன்னதன் காரணம் இதுவே.

நீதிமன்ற வழக்கில், வசதி இல்லாதவர்களுக்கு அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரும். டி.எம்.வி. விசாரணைக்கு அப்படி இல்லை. நம் செலவில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நாள் முடிவதற்குள் இத்துறையில் பழகிய வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டைக் குறைத்துவிட்டால் உரிமம் தானாகத் திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 0.08 குற்றச்சாட்டில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தால் மட்டுமே டி.எம்.வி. தன் உத்தரவை விலக்கிக்கொள்ளும். வழக்கைக் கைவிடுவதோ குறைப்பதோ போதாது.

பரிசோதனையை மறுக்கலாமா?

சாலையோரத்தில் கைதுக்கு முன் ஊதச் சொல்லும் சிறு கருவியை, 21 வயதானவர்கள், முன்தண்டனைக் கண்காணிப்பில் இல்லாதவர்கள் மறுக்கலாம். கைதுக்குப் பின் கேட்கும் மூச்சு அல்லது இரத்தப் பரிசோதனை வேறு. அதை மறுத்தால் முதல் முறையிலேயே ஓராண்டு உரிமம் போகும். பரிசோதனைக்கு உட்பட்டு 0.08 தாண்டியவருக்கு முதல் முறை நான்கு மாதம்தான். பத்தாண்டுக்குள் இரண்டாம் முறை என்றால் ஓராண்டு.

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: 21 வயது நிரம்பாதவர்களுக்கு 0.01 போதும், ஓராண்டு உரிமம் போய்விடும். ஒரு பீர்கூட அதிகம்தான்.

உரிமம் நின்றுவிட்டால்

அப்போதும் வழி உண்டு. முதல் முறை சிக்கியவர், பரிசோதனையை மறுக்காதவர், மாநிலம் அங்கீகரித்த மது விழிப்புணர்வு வகுப்பில் சேர்ந்து, எஸ்.ஆர்.22 என்ற காப்பீட்டுச் சான்றைத் தாக்கல் செய்து, கட்டணம் செலுத்திக் கட்டுப்பாட்டு உரிமம் பெறலாம். முதல் 30 நாள் ஓட்டாமல் இருந்து, பிறகு வேலைக்கும் வகுப்புக்கும் மட்டும் ஓட்டுவது ஒரு முறை. ஊதிய பிறகே கார் கிளம்பும்படியான கருவியைப் பொருத்தி, காத்திருக்காமல் எங்கும் ஓட்டுவது மற்றொரு முறை. இது 2019 ஜனவரி முதல் வந்தது. எஸ்.ஆர்.22 சான்றை மூன்று ஆண்டு தொடர வேண்டும். காப்பீட்டுத் தொகை ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எது நடந்தாலும், நிறுத்தப்பட்ட உரிமத்துடன் "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று ஓட்டாதீர்கள். அது தனிக் குற்றம்.

விசாவில் இருப்பவர்கள் கவனத்துக்கு

2015 முதல், கடந்த ஐந்தாண்டுக்குள் இவ்வாறு கைதானவரின் விசாவை அமெரிக்க வெளியுறவுத் துறை ரத்து செய்ய முடியும். தீர்ப்பு வர வேண்டியதில்லை, கைதே போதும். உள்ளே இருப்பவரின் தங்கும் அனுமதி அதனால் மட்டும் முடிந்துவிடாது. ஆனால் ஊருக்குப் போனால், புதிய விசா வாங்காமல் திரும்ப முடியாது. தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் எடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். குடியுரிமை விண்ணப்பத்தில் கைதை மறைக்காதீர்கள். உரிய காலத்துக்குள் இரண்டு முறை தண்டனை பெற்றால் நன்னடத்தை இல்லாதவராகக் கருதலாம் என்று 2019இல் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் முடிவு அளித்திருக்கிறார்.

முடிவாக

குடித்துவிட்டு ஓட்டியது தவறே. அன்று இரவு யார் மீதும் மோதாதது அவர்களுடைய பாக்கியம், நம்முடைய பாக்கியமும்கூட. காபியோ மோரோ எலுமிச்சைச் சாறோ குடித்தால் போதை இறங்காது. ஒரு பீரோ ஒரு சிறு கோப்பை ஒயினோ உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். காலம் ஒன்றே மருந்து. விருந்து வைக்கும் வீட்டார், அருந்தியவரின் சாவியை வாங்கிவைத்து, டாக்ஸியில் அனுப்புங்கள் அல்லது கூடத்தில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தவறு செய்தவரும் சட்டம் தரும் உரிமையைக் கேட்கலாம். அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, பத்தாவது நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். என் தங்கை முதல் வாரத்தில் ஒரு போன் செய்திருந்தால், அவள் கணவர் அந்த ஐந்தாவது வாரத்தில் ஒரே வழக்கோடு நின்றிருப்பார். இப்போது வகுப்பை முடித்து உரிமத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். இந்தக் கட்டுரையை முதலில் படித்துத் திருத்தியவரும் அவரே.

எல்லோரும் பத்திரமாக வீடு சேர இறைவன் அருள்வானாக.